படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம்: முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வந்து தங்கிச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யும் முறை

"வீல்சேரில் வருகிறோம், வசதிப்படுமா?" என்று கோயில் நகரத்து விடுதி ஒன்றுக்குத் தொலைபேசியில் கேட்டால், பெரும்பாலும் "வாங்க சார், லிஃப்ட் இருக்கு" என்ற பதில்தான் வரும். சொன்னவர் பொய் சொல்லவில்லை. லிஃப்ட் இருக்கத்தான் செய்கிறது; ஆனால் மழைநீர் உள்ளே வராதிருக்க மூன்றடி உயர்த்திக் கட்டிய கட்டடத்தில், ஆறு படிகள் ஏறிய பிறகு வரும் வரவேற்பறையின் ஓரத்தில் அது இருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய்விட்டாலும், அறையின் கதவு மூன்றடி, குளியலறையின் கதவு இரண்டடி. வந்தவர் கழிப்பறைக்குப் போக வழியில்லாமல், அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, இரண்டு நாளைக் கழித்துவிட்டு ஊர் திரும்புகிறார். அவர் மறுபடி வருவதில்லை. அவரோடு வந்த ஐந்து பேரும் வருவதில்லை.

சிறிய விடுதி நடத்துவோர், வேன் வைத்துக் குழுக்களை அழைத்துச் செல்வோர், தலங்களில் வழிகாட்டிகளாக இருப்போர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும். பெரிய முதலீடு இல்லாமல் செய்யக்கூடியவை நிறைய உண்டு. ஆனால் அவற்றைத் தொடங்கும் முன் "வசதி உண்டு" என்ற சொல்லைக் கைவிட்டு, அளவுகளைச் சொல்லப் பழக வேண்டும். முழங்கால் தேய்ந்த எழுபது வயது அம்மாவுக்கு வேண்டிய வசதியும், முதுகுத்தண்டு அடிபட்டு நாற்காலியில் இருக்கும் முப்பது வயது இளைஞருக்கு வேண்டிய வசதியும், பார்வையற்ற கல்லூரி மாணவிக்கு வேண்டிய வசதியும் வேறு வேறானவை. எது தமக்குப் போதும் என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். அதற்கு வேண்டிய விவரத்தைத் தருவதுதான் நம் பொறுப்பு.

அளவு நாடாவோடு ஒரு நாள்

தெருவில், வாகனம் வந்து நிற்கும் இடத்திலிருந்து அளக்கத் தொடங்குங்கள். அங்கிருந்து அறைக்குள் இருக்கும் கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும், அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் ஒவ்வொரு படியையும், நிலைப்படியையும், கதவையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நாம் தினமும் தாண்டிப் போகும் இரண்டங்குல நிலைப்படி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாற்காலியின் முன்சக்கரம் அதில்தான் முட்டி நிற்கும்.

சாதாரணமாகக் கையால் தள்ளும் நாற்காலி ஒன்றின் மொத்த அகலம் 60 முதல் 65 சென்டிமீட்டர் வரை இருக்கும். சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வருபவரின் முழங்கைகளுக்கும் இடம் வேண்டும் என்பதால், கதவு திறந்த நிலையில் 90 சென்டிமீட்டர் வழி இருப்பது நல்லது. நாற்காலி முழுதாகத் திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும். பல விடுதிகளில் இந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது சுவர் அன்று, யாரும் உட்காராத ஒரு சோபாவும் கண்ணாடி மேசையும்தான். அவற்றை வெளியே எடுத்தாலே அறை பாதி தயாராகிவிடும்.

சாய்வுதளம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கட்டடங்களில் தவறு அதிகம் நடப்பது இதில்தான். வாசலில் சிமெண்ட் பூசிய சரிவு ஒன்று பெரும்பாலும் இருக்கும். அது இரு சக்கர வண்டியை உள்ளே ஏற்றுவதற்காகப் போட்டது. அதில் நாற்காலியை ஏற்றினால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். இறக்கும்போது உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார். ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் என்பது பொதுவான கணக்கு. ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறடி நீளம் வேண்டும். மேலே சொன்ன மூன்றடி உயர வாசலுக்கு 36 அடி. அவ்வளவு நீளத்தை நேராகப் போட இடமிருக்காது என்பதால், மடித்துத் திருப்பி, திரும்பும் இடத்தில் ஒன்றரை மீட்டர் சமதளம் விட்டு, இருபுறமும் கைப்பிடிக் கம்பி வைத்துக் கட்ட வேண்டும். அதற்கும் இடமில்லை என்றால் கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். சமையற்கட்டுக்குச் சரக்கு இறக்கும் வழியோ வண்டி நிறுத்தும் வழியோ தெருவோடு சமமாக இருக்கக்கூடும். அதைச் சுத்தமாக்கி, விளக்குப் போட்டு, எல்லா விருந்தினரும் பயன்படுத்தும் வழியாகவே மாற்றிவிட்டால், நாற்காலியில் வருகிறவர் கொல்லைப்புறமாக வந்தோம் என்று நினைக்க வேண்டியிருக்காது. ஒரே ஒரு படிதான் தடை என்றால், மடக்கி வைக்கக்கூடிய அலுமினியச் சாய்வுப்பலகை ஒன்று போதும்.

குளியலறை

ஓர் அறைக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால், அந்தப் பணம் முழுவதையும் தரைத்தள அறை ஒன்றின் குளியலறையில் போடுங்கள். வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் இடம் அதுதான். நாற்காலியில் வருபவர் தங்க முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கும் இடமும் அதுதான்.

கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் அல்லது பக்கவாட்டில் நகர வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்புறமாகத் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்தும் திறக்க வழியுள்ள தாழ்ப்பாள் போடுங்கள். தண்ணீர் அறைக்குள் வராதிருக்க வாசலில் கட்டிவைக்கும் கட்டையை இடித்துவிட்டு, தரையின் வாட்டத்தை உள்நோக்கிச் சரிசெய்தால், படியும் போகும், தண்ணீரும் தேங்காது. வழுவழுப்பான ஓடுகளை முழுவதும் மாற்ற முடியாவிட்டால், குளிக்கும் பகுதியிலாவது சொரசொரப்பான ஓடுகளைப் பதிக்கச் சொல்லுங்கள். கால்மிதி வேண்டாம்; ஊன்றுகோல் அதில் சிக்கும்.

கழிப்பறை இருக்கையின் உயரம் 45 முதல் 48 சென்டிமீட்டர் வரை இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் முழங்கால் வலி உள்ளவரால் எழ முடியாது. பக்கச் சுவரில், இருக்கைக்கு மேலே ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில், படுக்கைவாட்டில் ஒரு பிடிகம்பி வேண்டும். அது செங்கல் வரைக்கும் துளைத்துப் பொருத்தியதாக, ஒரு ஆள் முழு எடையையும் போட்டுத் தொங்கினாலும் அசையாததாக இருக்க வேண்டும். துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ முயன்று, கம்பியோடு சேர்ந்தே கீழே விழுந்த பெரியவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் உறிஞ்சியால் ஓட்டில் ஒட்டும் பிடிகளும் அதே வகைதான். அவற்றை நம்பக் கூடாது. இருக்கையின் ஒரு பக்கமாவது நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்த இடம் விடுங்கள்.

நம் நாட்டில் குளிப்பது வாளியும் குவளையுமாக. தரையில் வைத்த வாளியை நோக்கிக் குனிவதுதான் பலருக்குத் தலைசுற்றலைத் தருகிறது. வாளியை ஓர் உறுதியான முக்காலியின் மேல் வைத்து, பக்கத்தில் கால்களுக்கு ரப்பர் முனை போட்ட குளியல் நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் முக்காலியை ஒருபோதும் போடாதீர்கள். ஈரத்தில் அதன் கால்கள் விரிந்துவிடும். இரவில் அணையாத சிறு விளக்கு ஒன்று குளியலறை வழியில் எரியட்டும். மறதி நோய் உள்ள பெரியவர்கள் புது அறையில் நள்ளிரவில் எழுந்து, வெளிக்கதவைக் கழிப்பறைக் கதவு என்று நினைத்துத் திறந்துகொண்டு போய்விடுவதுண்டு.

கட்டிலைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: மெத்தையின் மேல்மட்டம் சக்கர நாற்காலியின் இருக்கையோடு ஏறக்குறைய சமமாக, 45 முதல் 50 சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும்.

வழிப்பயணம்

டெம்போ டிராவலர் வண்டியில் ஏறும் முதல் படி, முழங்கால் மடங்காத ஒருவருக்கு மலை. அகலமான, ஆடாத மரப்படி ஒன்றைச் செய்து வண்டியிலேயே வைத்திருங்கள். மின்கலத்தில் ஓடும் நாற்காலி பெரும்பாலும் மடங்காது, எடையும் மிகுதி. அது வருமானால் முன்பதிவின்போதே அதன் எடையையும் அளவையும் கேட்டு, எந்த வண்டியில் எப்படி ஏற்றுவது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

நெடுஞ்சாலையில் எங்கே நிறுத்துவது என்பதை ஓட்டுநரின் பழக்கத்துக்கு விட்டுவிடாதீர்கள். அவர் நிறுத்தும் உணவகத்தில் சாப்பாடு நன்றாக இருக்கலாம். கழிப்பறை நான்கு படி ஏறி, குந்தி உட்காரும் வகையாக இருக்கும். போகும் வழியில் எந்த ஊரில், எந்தப் பெட்ரோல் நிலையத்தில் அல்லது உணவகத்தில் படியில்லாத வெஸ்டர்ன் கழிப்பறை இருக்கிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது அப்படிப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள். நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது மானப் பிரச்சினை. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது என்பதையும் பயண நேரப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். இன்சுலின் கைப்பையில் வரட்டும். வெயிலில் காயும் பின்பெட்டியில் வைக்க வேண்டாம்.

ரயிலில் போவதானால், இடையில் இரண்டு நிமிடம் மட்டும் நிற்கும் வண்டியைத் தவிர்த்து, ஏறும் ஊரில் புறப்பட்டு இறங்கும் ஊரில் முடியும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். சென்னை – மதுரை பாண்டியன் எக்ஸ்பிரஸ், சென்னை – கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் போன்றவற்றில் அவசரமின்றி ஏறவும் இறங்கவும் நேரம் கிடைக்கும். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கைக்கெனத் தனி ஒதுக்கீடு உள்ளது. முன்பதிவின்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. குறிப்பிட்ட வகை மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகை தொடர்கிறது. ஏசி பெட்டிகளின் நடைவழி நாற்காலிக்குப் போதாது என்பதால், வாசலிலிருந்து படுக்கை வரை எப்படிப் போவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விமானமானால், நாற்காலி உதவி வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். படி ஏற முடியுமா, இருக்கை வரை நடக்க முடியுமா என்பதையும் சேர்த்தே சொன்னால்தான் சரியான ஏற்பாடு நடக்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் இடத்தில் ஒரு புது வசதி திறக்கப்பட்டது என்ற செய்தியை மட்டும் வைத்துத் திட்டம் போடக் கூடாது என்பதற்குக் கன்னியாகுமரி நல்ல எடுத்துக்காட்டு. விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பாலம் பத்து மீட்டர் அகலம். ஆனால் அந்தப் பாலத்தை அடைய, அலையில் ஆடும் படகில் ஏறி இறங்க வேண்டும். ஆகவே "பாலம் எப்படி இருக்கிறது" என்பதைவிட "படகுத்துறையில் எப்படி ஏற்றுவார்கள்" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. படகு ஒத்துவராதவர்களுக்குக் கரையிலிருந்தே காலைச் சூரியனையும் 133 அடிச் சிலையையும் பார்க்கும் இடத்தை முன்பே தேர்ந்துவைத்து, அங்கே உட்கார நாற்காலியும் நிழலும் ஏற்பாடு செய்து, துணைக்கு ஒருவரையும் நிறுத்தினால், மற்றவர்கள் திரும்பி வரும்வரை அவர்கள் வண்டிக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டியதில்லை.

சென்னை மெரினாவில் மணலைக் கடந்து கடலருகே போக, மாற்றுத்திறனாளிகளுக்கென மரத்தாலான நடைபாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. சில நாள்களிலேயே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, பிறகு பழுதுபார்த்தார்கள். பழனி மலைக்கு இழுவை ரயிலும் ரோப் காரும் உண்டு. பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்தும் நாள்களும் உண்டு. 1305 படிகள் கொண்ட சோளிங்கர் மலைக்கும், 1017 படிகள் கொண்ட அய்யர்மலைக்கும் 2024-ல் ரோப் கார் வந்தது. பல ஆண்டுகளாக அடிவாரத்தில் நின்று கும்பிட்டுத் திரும்பியவர்களுக்கு இது எத்தனை பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த ரோப் காரானாலும் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். காற்று பலமாக வீசினால் ஓடாது என்பதையும், இறங்கிய இடத்திலிருந்து சன்னதி வரை இன்னும் எத்தனை படி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மாமல்லபுரத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்ட முனையாதீர்கள். அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே இருப்பதால், வண்டியிலிருந்து இறங்கிய உடனே நாற்காலியில் இருந்தபடி அருகில் பார்க்கலாம். அதற்கு அரை மணி நேரம் கொடுத்தாலும் தகும். ஐந்து ரதங்கள் நிற்பது மணலில், சக்கரம் புதையும். பார்வையற்றவர்களை அழைத்து வந்தால், தொல்லியல் சின்னங்களைத் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு என்பதை மனத்தில் வைத்து, அவ்வூர்ச் சிற்பக்கூடங்களில் ஒன்றில் முன்பே அனுமதி கேட்டுவையுங்கள். உளிச்சத்தம் கேட்கும் இடத்தில், முடிந்த சிற்பத்தையும் முடியாத கல்லையும் விரலால் தடவிப் பார்க்கக் கிடைக்கும் வாய்ப்பு, பார்வையுள்ளவர்களுக்கும் வாய்க்காதது.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று அகன்றது, தளம் போட்டது. வாயில்களின் கல் நிலைகளைத் தாண்ட உதவி இருந்தால் போதும். கருவறைக்குப் படியேற வேண்டும். ஏற முடியாதவருக்கு "வெளியே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும் வழிகாட்டி, விமானத்தின் அடிப்பகுதியில் ஆயிரம் ஆண்டு முன் வெட்டிய கல்வெட்டு வரிகள், உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு எட்டும் உயரத்திலேயே ஓடுவதை மறந்துவிடுகிறார். அவற்றைப் படித்துக் காட்டத் தெரிந்தவரை அழைத்துவந்தால், உள்ளே போய் வந்தவர்கள்தான் இவரைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

கோயில்களில் இன்னொரு ஆபத்து வெயில். நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்கள், நண்பகலில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தால், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்து, அது ஆறாப் புண்ணாகிவிடக்கூடும். இவர்களுக்குத் தடித்த பருத்திக் காலுறை கொடுத்து, காலை எட்டரைக்குள் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு அழைத்துச் செல்லுங்கள். அறைக்குத் திரும்பியதும் பாதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெளியே உருண்ட நாற்காலியை உள்ளே கொண்டுபோகலாமா என்பது கோயிலுக்குக் கோயில் மாறும். சக்கரத்தை ஈரத் துணியால் துடைத்தால் சில இடங்களில் விடுவார்கள். சில இடங்களில் கோயிலின் நாற்காலிக்கு மாறச் சொல்வார்கள். அந்த நாற்காலியில் கால் தாங்கியும் பிரேக்கும் இருக்கின்றனவா என்று போகும் முன் ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். அடுத்தது கைபேசி. தமிழகக் கோயில்களில் கைபேசியைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கைபேசியில் எழுதிக் காட்டிப் பேசும் காது கேளாதவருக்கு இது வாயைக் கட்டியது போலாகும். அவர் கையில் ஒரு சிறு நோட்டும் பேனாவும் கொடுத்து அனுப்புங்கள். எல்லாருக்குமே, கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்தத் தூணருகே, எந்தக் கோபுர வாசலில் சந்திப்பது என்று முன்பே சொல்லுங்கள்.

பேச்சும் தொடுகையும்

பணியாளர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது கொஞ்சம்தான். நாற்காலியில் இருப்பவரைப் பார்த்துப் பேசுங்கள், பின்னால் நிற்பவரிடம் "அவருக்குக் காபியா, டீயா?" என்று கேட்காதீர்கள். கேட்காமல் தூக்காதீர்கள், கேட்காமல் தள்ளாதீர்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். வழிகாட்டிகள் நடந்துகொண்டே முன்னால் பார்த்துப் பேசும் பழக்கத்தை விட்டு, நின்று, முகம் காட்டி, நிதானமாகப் பேசினால், காது மந்தமான பெரியவர்கள் பாதிக்கு மேல் புரிந்துகொள்வார்கள். நாகசுரமும் தவிலும் முழங்கும் இடம் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குத் தாங்க முடியாததாக இருக்கலாம். ஒலி குறைந்த நேரம் எது என்று பெற்றோருக்குச் சொல்லுங்கள். "பாவம்" என்ற சொல்லை மட்டும் யாரும் வாயில் எடுக்க வேண்டாம்.

சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தனியார் சேவை வழங்குவோரையும் அணுகல் விதிகளுக்கு உட்படுத்துகிறது. அந்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்துக்கு முரண் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. புதிதாகக் கட்டுபவர்கள் இப்போதே அளவுகளைப் பின்பற்றிக் கட்டினால் பிற்பாடு இடித்துக் கட்டும் செலவு மிச்சமாகும்.

எல்லாம் முடிந்ததும், அறையை வாடகைக்கு விடும் முன், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரை அழைத்து, அவர் நேரத்துக்கு உரிய பணம் கொடுத்து, ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். கண்ணாடி தலைக்கு மேலே இருக்கிறது, வெந்நீர் சுவிட்ச் எட்டவில்லை, சட்டை மாட்டும் கொக்கி எட்டவில்லை, கட்டிலில் படுத்த பின் விளக்கை அணைக்க மறுபடி நாற்காலிக்கு வர வேண்டியிருக்கிறது என்று அவர் சொல்லும் குறைகளில் பல, ஒரு மின்பணியாளரும் ஒரு தச்சரும் அரை நாளில் முடித்துவிடக்கூடியவை. அவற்றைத் திருத்திய பின் மீண்டும் ஒரு முறை அளந்து, படி எத்தனை, கதவு எத்தனை அங்குலம், எது இருக்கிறது, எது இல்லை என்று ஒரு தாளில் எழுதி, வரவேற்பு மேசையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.